ஆண்டவரோடு காய்

ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் எவ்வளவோ விஷயம் தெரியவரும். எங்கள் பாஸ்டரம்மா உலக சமாதானத்துக்காக மன்றாடிக்கொண்டே ஒரு கண்ணால் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொள்வார். மேல் மாடியில் குடியிருக்கும் ஆமென் அக்கா ஜெபத்தின் நடுவில் கொட்டாவி விடுவார், விட்ட கொட்டாவியை வீணாக்காமல் அப்படியே 'ஆமென்' என்று முடித்துவிடுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதங்களில் நான் கண்ணை மூடவில்லை. ஆண்டவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், காய் விட்டிருந்தேன்.

சின்ன வயதில் காய் விடாதவர்கள் யார்? சுண்டு விரலைக் காட்டினால் காய். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பிறகும் இந்தச் சட்டம் அமலில் இருந்தது. சண்டை போடுவதும் காய் விடுவதும் என் இலாகா. பழம் விடுவது என் வீட்டுக்காரர் இலாகா. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடும்போது, என் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் ஓசைப்படாமல் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு நானும் இரண்டு விரலை நீட்டித் தொடுவேன். அத்தோடு சண்டை முடிந்தது. அவர் நீட்டியது எப்போதும் வலது கை. அந்தக் கையால்தான் இவ்வளவு வம்பும்.

அவர் முடிதிருத்துகிறவர். தெருவில் அவருக்குக் 'கத்திரி' என்றுதான் பெயர். ஒரு நாள் கடையில் ஒருவருக்கு மீசையின் இடது பக்கத்தை அழகாகக் கத்தரித்து முடித்து, வலது பக்கம் வருவதற்குள் கையிலிருந்து கத்திரி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். மீசைக்காரர்தான் அவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு பக்க மீசையோடு நின்று, "ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாது" என்று அழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்படி வந்ததற்காக அப்புறம் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் நான் ஜெபித்தது போல வாழ்நாளில் ஜெபித்ததில்லை. மூன்றே மூன்று கேட்டேன். பேச்சு, கால், வலது கை. பேச்சு திரும்பி வந்தது. அதிலும் முதல் வேலையாக, "அந்த ஆளு மீசை என்னாச்சு?" என்று கேட்டார். அடுத்து கால் வந்தது. கோல் இல்லாமல் நடந்தார். கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

சபையில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. நான் பல் செட் செய்கிறவள். மாவு அச்சில் மெழுகை வைத்து, பல்லைப் பல்லாக நிறுத்தி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கடித்துப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. ஒரு பல் குறைந்தாலும் அந்த செட் பட்டறையை விட்டு வெளியே போகாது. நாங்கள் எல்லாம் அப்படி வேலை செய்துகொண்டிருக்க, ஆண்டவர் மட்டும் ஒன்றைப் பாக்கி வைத்துவிட்டு ஸ்தோத்திரம் எதிர்பார்க்கலாமா? அதுவும் முடிதிருத்துகிறவருக்கு எதைக் கொடுத்து எதை நிறுத்தி வைப்பது என்று ஒரு நியாயம் வேண்டாமா?

அன்றைக்கு விட்ட காய்தான். ஆனால் கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. உறவில் ஒருவரோடு பேச்சு இல்லை என்பதற்காக அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன், பாட்டுக்கு வாயசைத்தேன், திரும்பி வந்தேன். ஆண்டவர் இல்லை என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. இல்லாதவரோடு யாராவது காய் விடுவார்களா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அவர் படுத்த நாளில் ஆரம்பித்தது, அவர் எழுந்து நடந்த பிறகும் நிற்கவில்லை. வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தவிர எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் கையை லேசாக அழுத்துவார். அழுத்தினால் 'உங்கள் முறை' என்று அர்த்தம். வாய் விட்டு ஜெபிக்க விருப்பம் இல்லாதவர், வந்த அழுத்தத்தை அப்படியே அடுத்த கைக்குத் தள்ளிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவருடைய வலது பக்கத்து நாற்காலி என்னுடையது. உணர்ச்சி இல்லாத அந்தக் கையை வேறு யாராவது பிடித்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. அவருக்கு முறை இடது கை வழியாக வரும். முடித்தபின் வலது கையால் அழுத்த முடியாதே, அதனால் காலால் என் பாதத்தை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டின உடனே நான் எனக்கு வலப்புறம் இருக்கும் ஆமென் அக்காவின் கையை அழுத்திவிடுவேன். என் முறை அவ்வளவுதான். ஆமென் அக்கா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர். அவர் ஜெபித்தால் எந்த விண்ணப்பம் எந்த நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்று பரலோகத்துக்குத் தெளிவாகக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் ஜெபம் வேறு மாதிரி. "ஆண்டவரே, பின் தெரு சலூன்காரர் என் வாடிக்கையாளர்கள் தலையெல்லாம் நாசம் பண்ணிட்டு இருக்காரு. அவரையும் ஆசீர்வதியும். அந்தத் தலைங்களுக்கும் பொறுமையைத் தாரும்" என்பார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குலுங்குவார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். கை போனது இவருக்கு, கோபம் எனக்கு. இவர் என்னவோ ஆண்டவரோடு டீ குடிக்கிறவர் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண் வந்தாள். கெட்டிக்காரி, உள்ளதை மறைக்கத் தெரியாதவள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பயிற்சிய விட்டுடாதீங்க. ஆனா இத்தன மாசம் ஆயிடுச்சு. வரவேண்டியது பெரும்பாலும் ஆரம்பத்துலயே வந்துடும். நம்பிக்கைய கொஞ்சம் கம்மியா வச்சுக்கிட்டா உங்களுக்கே நல்லது."

அவள் போனதும் அவர் சொன்னார், "அப்ப கடைய விட்டுடலாம். போன் ரிப்பேர் கடை வைக்க ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. சனிக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"வேற என்ன? நாற்காலிய கட்டிப் பிடிச்சு அழணுமா?"

"அழுங்களேன்! ஒரு தடவையாவது அழுங்களேன்! உங்களுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே எத்தன நாளைக்குக் கோவப்படறது?"

நான் ஆண்டவரோடு சேர்த்து அவருக்கும் காய் விட்டுவிட்டுப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவர் நல்லவர் என்பதே எனக்கு அன்றைக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறைக் கண்ணாடி முன் ஒரு ஸ்டூலைப் போட்டு, தோளில் துண்டோடு நின்றார். இடது கையில் கத்திரி.

"வா, உக்காரு."

"எதுக்கு?"

"கடைய விடறதுக்கு முன்னால கடைசியா ஒரே ஒரு தலை. வேற எவனும் என் இடது கையை நம்பி உக்கார மாட்டான்."

"நான் மட்டும் நம்பணுமா?"

"நான் தாலி கட்டினப்பவே நீ மாட்டிக்கிட்டே."

உட்கார்ந்தேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்த முகத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நெற்றி முடியை மட்டும் கொஞ்சம் சரி பண்ணுகிறேன் என்றார். ஒரு பக்கம் வெட்டினார், ஏறியது. சரிக்கட்ட மறுபக்கம் வெட்டினார், அது அதற்கு மேல் ஏறியது. "அசையாதே, அசையாதே" என்றார். நான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன், அசைந்ததெல்லாம் அவர்தான். கடைசியில் ஒரு எட்டு பின்னால் போய் நின்று, தொழில்காரர் தோரணையில் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தலைய இடது பக்கமா சாச்சுக்கிட்டே நடந்தா நேராத்தான் தெரியும்" என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் ஒரு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை, நிற்கவும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு அப்படி ஆனதிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை.

"ஐயோ, ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மூச்சு வாங்கினேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யார்கிட்ட பேசினே இப்ப?" என்றார் அவர்.

"யார்கிட்டயும் இல்ல. வாய் தவறி வந்துடுச்சு."

"சரி, சரி. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அவருக்குக் கேட்டிருக்கும்."

பட்டறையில் அன்றைக்கு நான்தான் பொழுதுபோக்கு. முதலாளி என் தலையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பூனையோட சண்டை?" என்றார். நான் என் மேசையில் உட்கார்ந்து ஒரு கீழ் வரிசைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். வாய் தவறி வந்த ஸ்தோத்திரம் கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. அன்றைக்குக் கடையில் விழுந்தவர் அப்படியே போயிருந்தால் என் தலையை இந்தக் கோலம் பண்ண யார் இருந்திருப்பார்கள்? அந்த நினைப்பு வந்ததும் கையில் இருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் நான் பேசாமல் இருந்தது வெறும் கோபத்தால் இல்லை. பயம். ஆண்டவரே என்று ஒரு வார்த்தை வாய் விட்டுக் கூப்பிட்டால் உடைந்துபோவேன், உடைந்தால் வீட்டை யார் பார்ப்பது என்ற பயம். அது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

சாயங்காலம் வட்டமாக நாற்காலி போட்டாயிற்று. நெற்றியை மறைக்க முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டேன். ஆமென் அக்கா விடுவாரா?

"என்னடி இது, கண்ணு வரைக்கும் போட்டிருக்கே?" என்று தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் நிலைய அறிவிப்புக் குரலில், "கர்த்தாவே!" என்றார். "கத்திரி, இது உங்க கைவேலையா?"

"இடது கைவேலை" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

பாஸ்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கண்ண மூடுவோமா?" என்றார். எல்லோரும் மூடினார்கள். நானும் மூடினேன். எனக்கே அது புதிதாக இருந்தது. இருட்டுக்குள் மற்றவர்கள் குரல் மட்டும் கேட்டது. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முறை ஒவ்வொருவராகச் சுற்றி அவருக்கு வந்தது. அவர் அன்றைக்கு வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. "ஆண்டவரே, கடை உம்மோடது. கையும் உம்மோடது. என் பொண்டாட்டி காலைல சிரிச்சா. அதுக்கு ஸ்தோத்திரம்" என்று முடித்தார்.

என் கை அழுந்தியது. என் முறை.

"ஆண்டவரே, நான்தான்" என்று ஆரம்பித்தேன். "உம்மோட பேசி ரொம்ப நாளாச்சு. எனக்கு உம்ம மேல கோவம். இப்பவும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவத்த வச்சுக்கிட்டுப் பேசாம இருக்க இனிமே எனக்குத் தெம்பில்ல. பேசிக்கிட்டே கோவப்பட்டுக்கறேன். கை வந்தா சந்தோஷம். வரலேன்னா அப்பவும் உம்மகிட்டதான் வந்து சண்டை போடுவேன், வேற எங்க போவேன்? அவரு இருக்காரு. நாங்க சிரிச்சோம். அது உம்மகிட்டயிருந்துதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான். பழம்."

"ஆமென்!" என்றார் ஆமென் அக்கா.

நான் அழுதேன். ஆனால் உடையவில்லை. உள்ளே ஏதோ ஒன்று சரியாகக் கடித்துப் பொருந்தி உட்கார்ந்தது. ஜெபத்தை முடித்துவிட்டு, முறையைத் தள்ளிவிட ஆமென் அக்காவின் கையை அழுத்தப் போனேன். அழுத்தப் போன கை பாதியில் நின்றது.

எனக்கு முறை எப்படி வந்தது?

பாதத்தில் யாரும் தட்டவில்லை. என் இடது கைதான் அழுந்தியது. என் இடது கைக்குள் இருந்தது அவருடைய வலது கை.

கண்ணைத் திறந்தேன். வட்டத்தில் அத்தனை பேரும் கண்ணை இறுக்க மூடி, தலை குனிந்து, பக்தியாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை மாதம் அவர்கள் கேட்டுக் கேட்டு ஜெபித்த விஷயம் நடுவீட்டில் நடந்திருக்கிறது, பார்க்க ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. அவர் மட்டும் என் மடியில் கிடந்த தன் கையையே, யாரோ புது ஆள் வந்து உட்கார்ந்திருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, சத்தமில்லாமல், 'நானா?' என்று உதட்டை அசைத்தார்.

"இன்னொரு தடவ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னொரு தடவ!"

"ஆமென்! இன்னொரு தடவ, ஆண்டவரே!" என்றார் ஆமென் அக்கா கண்ணை மூடியபடி. நான் ஜெபத்தைத் தொடர்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இன்னொரு தடவ, ஆண்டவரே!" என்று வட்டம் முழுவதும் சொன்னது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்தது. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த விரல்கள் மிக மெதுவாக, வராத எழுத்தை எழுதிப் பழகுவது போல, என் கையைச் சுற்றி மடங்கின.

நான் கத்தியேவிட்டேன். கத்தின வேகத்தில் ஆமென் அக்காவின் கையையும் நசுக்கிவிட்டேன். "அம்மாடி!" என்று அவர் கண்ணைத் திறந்தார். பாஸ்டரம்மா இரண்டு கண்ணையும் திறந்தார். அதற்குப் பிறகு ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாக இல்லை. ஒருவர் அழுதார், ஒருவர் பாட ஆரம்பித்தார், நாற்காலி ஒன்று கவிழ்ந்தது, பிஸ்கட் தட்டு யார் காலிலோ மிதிபட்டது. எல்லோருக்கும் தங்கள் கையையும் அவர் அழுத்த வேண்டுமாம். என் வீட்டுக்காரர் அரசாங்க அதிகாரி மாதிரி, "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்றார். மூன்றாவது ஆளுக்கே கை சோர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார் ஆமென் அக்கா. கடைசியில் பாஸ்டரம்மா முடிவு ஜெபம் செய்தபோது, சபை வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கையில் இருந்தது.

பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நிஜமாவா?" என்று கூவினாள். பிறகு தன் தொழில் நினைவுக்கு வந்து, "சில பேருக்கு லேட்டா வரும். இது ஆரம்பம்தான், கத்திரி பிடிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. நாளைலேர்ந்து பயிற்சி ரெண்டு மடங்கு" என்றாள். சரி என்றேன். அவள் சொன்ன எதையும் மறுக்க எனக்குத் தோன்றவில்லை. நரம்பைப் படைத்தவரோடு நான் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். "நேத்து எனக்கும் சேர்த்துத்தானே காய் விட்டே?" என்றார் அவர். ஆமாம் என்றேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள்காட்டி விரல் நடுங்கி நடுங்கி எழுந்தது. நடுவிரல் அசைந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இப்போதைக்குப் பாதிப் பழம்தான் இருக்கு" என்றார். "மீதிக்குக் கொஞ்சம் டைம் குடு."

"போன் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"வேற இடம் பாத்துக்கச் சொல்லப் போறேன். இந்தக் கை சீப்பு பிடிச்சாப் போதும், வெட்டறத அந்தக் கை கத்துக்கும். பழகறதுக்குத்தான் நீ இருக்கியே."

என் நெற்றி முடியை நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை, வளர்ந்துவிடும்.

இந்த முறை நான் பிகு பண்ணவில்லை. என் இரண்டு விரலை நீட்டி அந்த ஒற்றை விரலைத் தொட்டேன். தொட்டபோதுதான் அன்று சாயங்காலம் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நான் வாயைத் திறந்து கோபம் என்று சொல்வதற்கும் முன்னால், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று சொல்வதற்கும் முன்னால், பழம் என்று சொல்வதற்கும் முன்னால், என் கை அழுந்திவிட்டது. என் வீட்டில் எப்போதும் நடக்கிறதுதான் அன்றைக்கும் நடந்திருக்கிறது. முதலில் பழம் விட்டது நான் இல்லை.